முசாஷி உண்மையில் தாமதமாக வந்தாரா? கான்ரியூ தீவுச் சண்டையில் ஆவணம் எது, கதை எது

#1 கரைதேடி

வணக்கம் நண்பர்களே. 17ஆம் நூற்றாண்டு ஜப்பானிய வாள்வீரர் மியாமோட்டோ முசாஷி பற்றித் தமிழில் ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். எங்கே தேடினாலும் கான்ரியூ தீவுச் சண்டை ஒரே அச்சில்தான் கிடைக்கிறது. 1612 ஏப்ரல் 13. எதிராளி சசாகி கொஜிரோ. முசாஷி வேண்டுமென்றே இரண்டு மணி நேரம் தாமதமாக வருகிறார். வரும் வழியில் படகுத் துடுப்பைச் செதுக்கி மரவாள் ஆக்குகிறார். கொஜிரோ ஆத்திரத்தில் வாளுறையை வீசி எறிய, "உறையை எறிந்தபோதே தோற்றுவிட்டாய்" என்கிறார் முசாஷி. ஒரே அடியில் சண்டை முடிகிறது.

இதில் எதைத் துணிந்து வரலாறு என்று எழுதலாம்? எதற்கெல்லாம் "என்று சொல்லப்படுகிறது" என்று போட வேண்டும்?

#2 பழஞ்சுவடி

நல்ல கேள்வி கரைதேடி. நீங்கள் சொன்ன ஒவ்வொரு விவரத்தையும் தனித்தனியாகப் பிரித்து, அது முதன்முதலில் எந்த ஆண்டு எழுத்தில் வருகிறது, எழுதியவர் யாருடைய ஆள் என்று பாருங்கள். சண்டையை மொத்தமாக நம்புவதா வேண்டாமா என்று கேட்டால் பதில் கிடைக்காது. துண்டு துண்டாகக் கேட்டால் கிடைக்கும்.

முதல் அடுக்கு முசாஷியே எழுதியது. கொரின் நோ ஷோ என்ற தன் வாள்கலை நூலின் முன்னுரையில் அவர் தன் வாழ்க்கையைச் சில வரிகளில் சொல்கிறார். 13 வயதில் ஷிண்டோ என்ற வாள்வழியைச் சேர்ந்த அரிமா கிஹேயை வென்றேன், 16இல் தஜிமா நாட்டு அகியாமாவை வென்றேன், 21இல் தலைநகருக்குப் போய்ப் பெயர்பெற்ற வாள்வீரர்களோடு மோதினேன், 28, 29 வயது வரை அறுபதுக்கும் மேற்பட்ட சண்டைகள், ஒன்றில்கூடத் தோற்கவில்லை. எதிராளிகளில் அவர் பெயர் சொல்வது அந்த இருவரை மட்டுமே. கொஜிரோ இல்லை, தீவு இல்லை, கியோட்டோவின் வாள்குடும்பமான யோஷியோகாவின் பெயரும் இல்லை. அவர் கைப்பட எழுதிய மூலப்பிரதி இன்று கிடையாது, சீடர்கள் வழி வந்த படிகள்தான் உள்ளன என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, 1654இல் வளர்ப்பு மகன் மியாமோட்டோ இயோரி கொகுராவில் தமுகே மலைமேல் நாட்டிய கல். முசாஷி இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆயிரம் எழுத்துகளுக்கு மேல் கொண்ட சீனமொழி வாசகம், நடை முழுக்க மெய்க்கீர்த்தி. தீவுச் சண்டை முதன்முதலாகத் தேதியிட்ட எழுத்தில் வருவது இங்கேதான். நாகாதோ, புசென் என்ற நாடுகளுக்கு நடுவே கடலில் ஃபுனாஜிமா என்ற தீவு; நாம் கான்ரியூ தீவு என்று சொல்வது இதைத்தான். கான்ரியூ என்ற வாள்வீரன் (நாம் கொஜிரோ என்று சொல்பவர்) 3 ஷாகு, அதாவது ஏறத்தாழ 91 செ.மீ. நீள வெண்வாளோடு வந்தான்; முசாஷி மரவாளால் ஒரே அடியில் கொன்றார். இருவரும் எப்போது வந்தார்கள் என்பதையும் கல் சொல்கிறது: ஒரே நேரத்தில் வந்து சந்தித்தார்கள்.

தாமதமும் துடுப்பும் பிற்பாடு வருகின்றன. 1755இல் எழுதப்பட்ட புகோதென் என்ற முசாஷி வாழ்க்கை நூலில் கதை விரிகிறது, 1776இல் வந்த நிதென்கி என்ற நூலில் முழு வடிவம் பெறுகிறது. காலை 8 மணியளவில் குறித்த சண்டைக்கு 10 மணி கடந்து வந்தார் என்பதும், உறையை எறிந்தபோது பேசிய பேச்சும் இந்த மரபுதான். எழுதியவர்கள் ஹோசோகாவா பிரபுக் குடும்பத்தின் ஆட்சிப்பகுதியில் யட்சுஷிரோவின் மட்சுய் குடும்பத்துக்குப் பணிசெய்த தொயொதா குடும்பத்தினர். பாட்டன் சேகரித்த குறிப்புகளை மகன் தொகுத்தார், பேரன் அதைத் திருத்தி எழுதினார். அவர்கள் முசாஷியின் வாள்வழியைப் பின்பற்றியவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

ஆகத் தாமதம் என்ற செய்திக்கும் சண்டைக்கும் நடுவே 140 ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. அதைவிட நூறு ஆண்டு பழைய ஆவணம் நேரெதிராகச் சொல்கிறது. என் தீர்ப்பு: தாமதத்தை வரலாறு என்று எழுதக் கூடாது.

#3 வடதிசை

> தாமதத்தை வரலாறு என்று எழுதக் கூடாது

இங்கே கொஞ்சம் மாறுபடுகிறேன். கொரின் நோ ஷோவின் ஐந்து சுருள்களில் ஒன்றான நெருப்புச் சுருளில் எதிரியின் மனத்தைக் கலங்கடிப்பது, எரிச்சலூட்டுவது பற்றியே தனிப் பகுதி இருக்கிறது. சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து நில், எதிரி நினைத்துப் பார்க்காத வேகத்தில் பாய் என்றெல்லாம் சொல்கிறார். தாமதமாகப் போய்க் கோபமூட்டுவது அதே மனத்தின் வேலையாகத் தெரிகிறது. கல்லில் இயோரி தன் தந்தையை நேர்மையாளராகக் காட்ட விரும்பியிருக்கலாம் அல்லவா? "ஒரே நேரத்தில் வந்தார்கள்" என்பதும் அந்தப் பூச்சாக இருக்கலாம்.

#4 பழஞ்சுவடி

இயோரிக்குக் காரணம் இருந்தது என்பதை ஏற்கிறேன். அவர் கொகுராவின் ஒகாசாவாரா பிரபுவிடம் மூத்த அதிகாரி. தந்தையின் பெயர் அவருடைய பெயரும்கூட. அதனால் அந்தக் கல்லில் வரும் புகழ்ச்சிகளை நானும் கழித்துத்தான் படிக்கிறேன். ஆனால் கல் பொய் சொல்லியிருக்கலாம் என்பதால் நிதென்கி உண்மையாகிவிடாது. தாமதத்துக்குத் தனிச் சான்று வேண்டும், அது இல்லை.

நெருப்புச் சுருளைக் காட்டுவதில் ஒரு சிக்கலும் உண்டு வடதிசை. நிதென்கி மரபினர் கொரின் நோ ஷோவை நன்கு படித்தவர்கள். எரிச்சலூட்டு என்று குரு எழுதியிருந்தால், அதற்கு ஏற்ற காட்சியைக் குருவின் வாழ்க்கையில் வைத்துச் சொல்வது சீடர் மரபுக்கு எளிது. அப்போது நூல் கதையை உறுதி செய்வதாகத் தோன்றும். ஆனால் கதை நூலிலிருந்தே பிறந்திருக்க முடியும். இரண்டும் தனித்தனி ஊற்றா என்று பார்க்காமல் ஒன்றுக்கு ஒன்றைச் சாட்சியாக நிறுத்தக் கூடாது.

காற்றுச் சுருளிலும் இதே வலை இருக்கிறது. நீண்ட வாளையே நம்பும் பிற வழிகளை முசாஷி அதில் கண்டிக்கிறார். அதைப் படித்துவிட்டு "இது கொஜிரோவைப் பற்றித்தான்" என்று பலர் எழுதுகிறார்கள். பெயர் எதுவும் அங்கே இல்லை. நீண்ட வாள் அந்தக் காலத்தில் பலர் கையில் இருந்தது.

#5 மூங்கில்நிழல்

நுமாதா குடும்பக் குறிப்பை யாரும் இன்னும் எடுக்கவில்லையே! இந்த விவாதத்தின் முக்கியமான ஆவணம் அது.

சண்டை நடந்த காலத்தில் கொகுராப் பகுதி ஹோசோகாவாக்களிடம் இருந்தது. தீவுக்கு அருகிலுள்ள மோஜி கோட்டையைக் காத்தவர் நுமாதா நொபுமோட்டோ. அவருடைய குடும்பத்தார் 1672இல் தொகுத்த குறிப்பில் இப்படி வருகிறது. முசாஷியின் சீடர்களும் கொஜிரோவின் சீடர்களும் யார் குரு பெரியவர் என்று சண்டையிட்டார்கள். அதனால் குருக்கள் இருவரும் மோத முடிவானது. யாரும் ஒரு சீடரைக்கூட அழைத்து வரக் கூடாது என்பது ஒப்பந்தம். கொஜிரோ சொன்னபடி தனியே வந்தார். முசாஷியின் சீடர்கள் முன்பே வந்து மறைந்திருந்தார்கள். அடிபட்டு விழுந்த கொஜிரோ மீண்டும் உயிர்த்தெழ, அந்தச் சீடர்கள் சேர்ந்து அவரை அடித்துக் கொன்றார்கள். செய்தி கேட்டுக் கொஜிரோவின் சீடர்கள் திரண்டு வர, முசாஷி மோஜிக்கு ஓடிவந்து நுமாதாவிடம் அடைக்கலம் புகுந்தார். நுமாதா அவரைக் கோட்டையில் வைத்துக் காத்து, துப்பாக்கி வீரர்களைத் துணைக்கு அனுப்பி, புங்கோவிலிருந்த தந்தையிடம் சேர்த்தார்.

இதில் தாமதமும் இல்லை, துடுப்பும் இல்லை.

#6 கரைதேடி

இது என் கட்டுரையையே தலைகீழாக்கிவிடும் போலிருக்கிறது. அப்படியானால் கொஜிரோ கூட்டமாகச் சேர்ந்து கொல்லப்பட்டார் என்று எழுதிவிடலாமா?

#7 மூங்கில்நிழல்

அவசரப்படாதீர்கள். முதலில் எடைபோடுவோம்.

இந்தக் குறிப்புக்கு வலு சேர்ப்பது எது? நுமாதா குடும்பம் வாள்வழி எதையும் நடத்தவில்லை. கொஜிரோவைத் தூக்கிப்பிடித்து அவர்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. முசாஷி தன் கடைசி ஆண்டுகளில் இதே ஹோசோகாவா குடும்பத்தின் விருந்தாளியாக, 1640 முதல் குமாமோட்டோவில் இருந்து, அங்கேயே 1645இல் இறந்தார். அதே பிரபுவின் பணியாளர் குடும்பம் முசாஷிக்குப் பெருமை தராத செய்தியை வலிந்து புனையக் காரணம் தெரியவில்லை.

வலு குறைப்பது எது? சண்டைக்கும் தொகுப்புக்கும் நடுவே ஏறத்தாழ 60 ஆண்டுகள். நொபுமோட்டோ இறந்தது 1624இல். எழுதியவர்கள் கண்ணால் பார்க்கவில்லை, குடும்பத்தில் கேட்டதை எழுதினார்கள். குடும்பக் குறிப்புக்கும் தனி ஆசை உண்டு: "அந்த முசாஷியையே காப்பாற்றியவர் எங்கள் முன்னோர்" என்பதுதான் அதில் ஒளிரும் செய்தி. ஆபத்து எவ்வளவு பெரிதோ, காப்பாற்றியவர் பெருமையும் அவ்வளவு பெரிது.

ஆகவே நான் இப்படிப் பிரிப்பேன். முசாஷி மோஜிக்கு வந்தார், துணையோடு புங்கோவுக்கு அனுப்பப்பட்டார் என்பது நுமாதா நேரடியாகச் சம்பந்தப்பட்ட பகுதி, அதற்கு அதிக மதிப்பு. தீவில் மறைந்திருந்தது யார், கடைசி அடியைப் போட்டது யார் என்பது அவர் கேள்விப்பட்ட பகுதி, அதற்குக் குறைந்த மதிப்பு. கட்டுரையில் "1672ஆம் ஆண்டுக் குடும்பக் குறிப்பு இப்படிச் சொல்கிறது" என்று பெயரோடும் ஆண்டோடும் போடுங்கள். முடிவாக எழுதாதீர்கள்.

கல்லும் குறிப்பும் ஒன்றையொன்று பார்க்காத இரண்டு தரப்புகள். இரண்டும் ஒத்துப்போகும் இடம் என்று ஒன்று இருக்கிறது: இருவர் மோதினார்கள், முசாஷி அடித்து வீழ்த்தினார், எதிராளி இறந்தார். உறுதியான தரை அவ்வளவுதான்.

#8 நாட்காட்டி

தேதியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை, அதனால் நான். கொகுராக் கல்லில் சண்டைக்குத் தேதியே கிடையாது. ஜப்பானிய ஆண்டுக் கணக்கில் கெய்ச்சோ 17 (1612), நான்காம் மாதம், 13ஆம் நாள் என்ற துல்லியமான தேதி நிதென்கி தருவது. ஆகவே தேதி, தாமதத்தின் அதே அடுக்கைச் சேர்ந்தது. இன்னொன்று: அது சந்திர மாதக் கணக்கு. நான்காம் மாதம் என்றதும் ஏப்ரல் என்று எழுதிவிடுகிறார்கள். கிரகோரிய நாட்காட்டியில் அது 1612 மே 13. ஜப்பானிய மாதத்தை அப்படியே ஆங்கில மாதமாக்குவது இந்தத் தலைப்பில் அதிகம் நடக்கும் தவறு. முசாஷி இறந்த நாளையும் இதேபோல் மே 19 என்று போடுவார்கள். சரியான நாள் 1645 ஜூன் 13.

வயதுக் கணக்கில் இன்னும் கவனம் வேண்டும். அக்காலத்தில் பிறந்ததுமே வயது 1, ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ஒன்று கூடும். 1643இல் தனக்கு 60 என்று முசாஷி எழுதுகிறார். 60ஐக் கழித்து 1583 என்று போடக் கூடாது. கழித்துவிட்டு 1 கூட்ட வேண்டும், 1584. அங்கிருந்து 13 வயது என்றால் 1596, 16 என்றால் 1599, 21 என்றால் 1604, 29 என்றால் 1612. நம் கணக்கில் முதல் சண்டையின்போது அவருக்கு 11 அல்லது 12 வயதுதான்.

ஆனால் அந்த 60 முழு எண்ணாகச் சொன்னதாகவும் இருக்கலாம். பிற்கால மியாமோட்டோ குடும்ப வம்சாவளி 1582 என்கிறது. எனவே "சுமார் 1584" என்று எழுதுவதே நேர்மை. அந்த எண் இரண்டு ஆண்டு நகர்ந்தால் மேலே சொன்ன எல்லா ஆண்டுகளும் சேர்ந்தே நகரும்.

#9 வடதிசை

நாட்காட்டி சொன்னது பயனுள்ளது. கொஜிரோவின் வயதிலும் இதே மாதிரி முடிச்சு இருக்கிறது. நிதென்கி அவருக்கு 18 வயது என்கிறது. அதே நூல் மரபில் அவர் எச்சிசென்னின் தொதா செய்கெனிடம் பயின்றவர். செய்கென் 1560இல் மினோவில் நடந்த சண்டையால் பெயர்பெற்றவர். அவரிடம் நேரடியாகப் பயின்று, பயிற்சியில் அவருக்கு எதிர்வாள் பிடித்து நின்ற ஆள் 1612இல் நரைத்த கிழவராகத்தான் இருக்க முடியும். 18 வயதும் செய்கெனின் சீடர் என்பதும் சேர்ந்து நிற்கவே முடியாது. ஒன்றை விட்டாக வேண்டும்; இரண்டையும் விடுவது இன்னும் பாதுகாப்பு.

சசாகி என்ற குடும்பப் பெயரும் கல்லில் இல்லை, நுமாதா குறிப்பிலும் இல்லை. 1737இல் ஒசாகாவில் மேடையேறிய கபுகி நாடகத்தின் கதாபாத்திரப் பெயர் சசாகி கான்ரியூ. மேடை முந்தியது, நிதென்கி பிந்தியது. குடும்பப் பெயர் நாடகத்திலிருந்து வரலாற்றுக்குள் நுழைந்திருக்கும் வாய்ப்பு பெரிது. கட்டுரையில் "கான்ரியூ கொஜிரோ" என்றே எழுதுங்கள், சசாகி என்பதை ஒரே ஒரு தடவை விளக்கத்தோடு சொல்லுங்கள். கொஜிரோவின் வாள்வீச்சுக்குச் சொல்லப்படும் "தகைவிலான் குருவி வெட்டு" போன்ற பெயர்களைப் பழைய ஆவணத்தில் தேடினால் கிடைக்காது.

#10 கரைதேடி

மிக்க நன்றி. அடுத்தது: 1600 செக்கிகஹாரா போரில் முசாஷி தோற்ற மேற்குப் படையில் இருந்து, பிணங்களுக்கு நடுவே எழுந்து தப்பினார் என்பது? ஒட்சு, தக்குவான் துறவி எல்லாம்?

#11 பழஞ்சுவடி

ஒட்சு கற்பனைப் பாத்திரம். யோஷிகாவா எய்ஜி 1935 முதல் 1939 வரை ஆசாஹி செய்தித்தாளில் தொடராக எழுதிய நாவலின் நாயகி. தக்குவான் உண்மையான ஜென் துறவி, ஆனால் முசாஷியை அவர் சந்தித்ததாக அக்கால ஆவணம் கிடையாது. மரத்தில் கட்டித் தொங்கவிட்டது, கோட்டை அறையில் பூட்டிப் படிக்க வைத்தது எல்லாம் நாவலின் சொத்து. நல்ல நாவல், ஆனால் சான்று ஆகாது.

செக்கிகஹாரா சுவையான விஷயம். மிமசாகா நாட்டின் ஷின்மென் குடும்பம் உகிதா பிரபுவின் கீழ் மேற்குப் பக்கம் நின்றது. முசாஷியின் தந்தை முனி, ஷின்மென் என்ற பெயரைக் கொண்டவர். ஆகவே முசாஷியும் மேற்கு என்பது ஊகம். கல்லில் அவர் இஷிதா மிட்சுநாரியின் கலகத்தின்போது, அதாவது இந்தப் போர்க்காலத்தில், வீரம் காட்டினார் என்று மட்டும் இருக்கிறது, எந்தப் பக்கம் என்று இல்லை. ஆனால் 1602ஆம் ஆண்டுக் குரோதா பிரபுக் குடும்பத்தின் பணியாளர் பட்டியலில் ஷின்மென் முனி இருக்கிறார், அதுவும் பழைய பணியாளர்கள் வரிசையில். குரோதா கிழக்குப் பக்கம், அதாவது வென்ற டோக்குகாவா பக்கம். போர் முடிந்து வேலை தேடி வந்தவரானால் புதியவர்கள் வரிசையில்தான் இருந்திருப்பார். தந்தை முன்பே குரோதாவிடம் இருந்தார் என்றால், மகன் கியூஷுவில் குரோதா ஜோசுயின் படையோடு போரிட்டிருக்கவே வாய்ப்பு அதிகம். உறுதியில்லை, ஆனால் தோற்ற பக்கம் என்பதைவிட வலுவான ஊகம்.

1615இல் டோக்குகாவா படை டொயொட்டோமி குடும்பத்தின் ஒசாகாக் கோட்டையைத் தாக்கிய போரில் ஊகத்துக்கே வேலையில்லை. டோக்குகாவா தரப்புத் தளபதி மிசுனோ கட்சுனாரியின் படையில் சென்றவர்களின் பெயர்ப்பட்டியலில் மியாமோட்டோ முசாஷி இருக்கிறார். கோட்டைக்குள் டொயொட்டோமி பக்கம் நின்று தோற்றார் என்ற கதை அங்கேயே விழுந்துவிடுகிறது. தோற்றவர்களின் தனி வீரர் என்ற பிம்பத்தை வாசகர்கள் விரும்புகிறார்கள் என்பது எனக்குப் புரிகிறது. காகிதம் காட்டுவது வென்ற பக்கத்தோடு சேர்ந்து நடந்த ஒரு வீரரை.

எனக்கு மிகவும் பிடித்த ஆவணம் 1638இல் வருகிறது. ஷிமாபாரா கிளர்ச்சியில் ஹாரா கோட்டை வீழ்ந்ததும் அரிமா நவோசுமி பிரபுவுக்கு முசாஷி எழுதிய கடிதம். மேலிருந்து எறிந்த கல் முழங்காலுக்குக் கீழே பட்டு, நிற்கவே சிரமப்படுகிறேன் என்று அதில் எழுதுகிறார். ஐம்பதைத் தாண்டிய, உலகமறிந்த வாள்வீரரைக் கோட்டை மதிலிலிருந்து யாரோ எறிந்த ஒரு கல் உட்கார வைத்துவிட்டது. பின்வந்தோர் புனைய விரும்பாத செய்தி இது.

#12 மூங்கில்நிழல்

யோஷியோகா சண்டைகளையும் சேர்த்துவிடுங்கள். கல் சொல்வது: கியோட்டோவுக்கு வெளியே ரெண்டாய் வெளியில் செய்ஜூரோவை ஒரே அடி; அடுத்து டென்ஷிச்சிரோ 5 ஷாகு மரவாளோடு வர, அதையே பறித்து அடித்தார்; கடைசியில் சாகரிமட்சுவில் மதாஷிச்சிரோவும் நூற்றுக்கணக்கான சீடர்களும்; அத்தோடு அந்த வாள்குடும்பம் அழிந்தது. 5 ஷாகு என்றால் ஒன்றரை மீட்டர்.

எதிர்த்தரப்பு ஆவணம் 1684இல் வந்த யோஷியோகா வரலாறு. அதில் பெயர்களே வேறு, முதல் சண்டையில் முசாஷியின் நெற்றியில் ரத்தம், அடுத்ததற்கு அவர் வரவேயில்லை. இதுவும் புகழ்நூல்தான், அதனால் இரண்டையும் கழித்துப் பார்க்கிறேன். ஆனால் "அழிந்தது" என்பதைச் சோதிக்க முடியும். 1614இல் அரண்மனை நோ நாடக நிகழ்ச்சியில் யோஷியோகாக்காரர் ஒருவர் கலகம் செய்து வெட்டுப்பட்டார். பின்னால் அந்தக் குடும்பம் கருஞ்சாயத் துணிக்குப் பெயர்பெற்றது. 1604இல் பூண்டோடு அழிந்த குடும்பம் பத்து ஆண்டு கழித்து அரண்மனையில் சண்டை போடாது.

#13 நாட்காட்டி

பிறந்த ஊரைப் பற்றியும் ஒரு வரி. முசாஷியே தன்னை ஹரிமா நாட்டவர் என்கிறார். மிமசாகாவின் மியாமோட்டோ கிராமம் என்ற வாதம் 1815இல் வந்த வட்டார நூலிலிருந்து எழுகிறது. அங்குள்ள வம்சாவளியில் தந்தை 1580இல் இறந்துவிடுகிறார், மகனோ சுமார் 1584இல் பிறக்கிறார். 1653இல் காகொகாவாவின் தொமரி ஆலயத்துக்கு இயோரி எழுதிய விட்டப்பலகை முடிச்சை அவிழ்க்கிறது: வாரிசில்லாத ஷின்மென் குடும்பத்தின் பெயரை முசாஷி ஏற்று, பின் மியாமோட்டோ ஆனார். ஹரிமாவில் பிறந்து மிமசாகாக் குடும்பத்தின் பெயரைத் தாங்கியவர் என்று எழுதினால் இரண்டு செய்திகளும் பொருந்தும்.

#14 கரைதேடி

எல்லோருக்கும் நன்றி. தீவுப் பகுதியை இப்படி எழுதியிருக்கிறேன், பாருங்கள்:

"முசாஷி தன் நூலில் இந்தச் சண்டையைக் குறிப்பிடவில்லை. 1654ஆம் ஆண்டுக் கொகுராக் கல்வெட்டின்படி, ஃபுனாஜிமாவில் கான்ரியூ என்பவரோடு ஒரே நேரத்தில் வந்து மோதி, மரவாளால் கொன்றார். 1672ஆம் ஆண்டு நுமாதா குடும்பக் குறிப்பு, எதிராளி கொஜிரோவை முசாஷியின் சீடர்கள் கொன்றதாகவும், முசாஷி மோஜியில் அடைக்கலம் புகுந்ததாகவும் சொல்கிறது. 1612 என்ற தேதி, தாமதம், துடுப்பு, உறை ஆகியவை 18ஆம் நூற்றாண்டு நூல்களில் வருபவை. அறுபதுக்கும் மேற்பட்ட சண்டைகளில் தோல்வியே காணாத முசாஷி, இதன்பின் இப்படிப்பட்ட சண்டைகளை விட்டுவிட்டார்."

#15 பழஞ்சுவடி

கடைசி வாக்கியம் தவிர எல்லாம் நிற்கும். அறுபது, தோல்வியில்லை என்பவை முசாஷியின் சொந்தக் கூற்று, "அவரே எழுதியபடி" என்று முன்னால் சேர்க்க வேண்டும். "இதன்பின் விட்டுவிட்டார்" என்பதை எடுத்துவிடுங்கள். அவர் சொல்வது அந்த அறுபதும் 28, 29 வயதுக்குள் நடந்தவை என்பதும், முப்பதைத் தாண்டித் திரும்பிப் பார்த்தபோது தன் வெற்றிகள் முழுத் தேர்ச்சியால் வந்தவையல்ல என்று உணர்ந்தார் என்பதும்தான். இயல்பான திறமையோ, வான்நெறியோ, பிற வழிகளின் குறைபாடோ காரணமாக இருக்கலாம் என்கிறார். கொஜிரோவைக் கொன்ற வருத்தத்தால் மாறினார் என்பது, நிதென்கியின் தேதியையும் இந்த முன்னுரையையும் சேர்த்துத் தைத்ததால் வந்தது. அந்தத் தையலைப் பிரித்து, முன்னுரையின் கருத்தைத் தனிப் பத்தியாகக் கொடுங்கள்.